வரலாற்று மாணவருக்கு இணையவழியில் தேடக் கற்பிப்பது எப்படி?

இளநிலை வரலாற்றுப் பாடம் இணையவழியில் நடத்தப்படும்போது விரிவுரையைக் காணொளியாக்குவது எளிது. ஆய்வுத்திறனை, அதாவது ஒரு கேள்வியை வகுத்து, அதற்குரிய சான்றுகளைத் தேடி, கிடைத்தவற்றை எடைபோட்டு, வந்த வழியைப் பிறர் சரிபார்க்கும் வகையில் பதிவுசெய்யும் திறனை, அவ்வாறு காணொளியாக்கிவிட முடியாது. தரவுத்தளம் ஒன்றைத் திரையில் திறந்து, எந்தப் பெட்டியில் எதைத் தட்டச்சு செய்வது என்று காட்டும் பதிவு கருவியை அறிமுகப்படுத்துமே தவிர, தேடலின்போது எழும் தீர்மானங்களை மாணவருக்குப் பழக்காது. அமெரிக்க நூலகச் சங்கத்தின் வரலாற்றுப் பிரிவு இளநிலை வரலாற்று மாணவருக்கெனவே 2013இல் தகவல் திறன் வழிகாட்டி ஒன்றை வகுத்ததற்குக் காரணம், பொதுவான நூலகப் பயிற்சி இத்துறையின் தேவைகள் அனைத்தையும் நிறைவுசெய்வதில்லை என்பதே.

அந்தத் தேவைகள் எவை என்பதை 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தைக் கொண்டு விளக்கலாம். அப்பெயரை அப்படியே தேடுபொறியில் இடும் மாணவருக்கு முதலில் கிடைப்பவை, ஒன்றையொன்று பார்த்து எழுதப்பட்ட கட்டுரைகளாகவே பெரும்பாலும் இருக்கும். நிகழ்வின் காலத்திலேயே உருவான முதன்மைச் சான்றுகளை அடைய அவர் அக்காலத்து எழுத்துமுறைக்குள் நுழைய வேண்டும்: ஆங்கில ஆவணங்களில் திருநெல்வேலி ‘டின்னவெலி’ என்றும், தூத்துக்குடி ‘டூட்டிகோரின்’ என்றும், திருச்சிராப்பள்ளி ‘டிரிச்சினாபோலி’ என்றும் பதிவாகியிருப்பதால், இன்றைய பெயரை மட்டும் தேடுபவருக்கு அந்த மாவட்டத்தில் பஞ்சமே நேராதது போன்ற தோற்றம் கிடைத்துவிடும். தமிழிலும் ‘வருஷம்’, ‘வருடம்’ என்ற இரு வடிவங்களையும் முயல வேண்டும். அச்சுப் பக்கத்தின் படத்தைத் தேடத்தக்க எழுத்துகளாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள், 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ‘ணை’, ‘லை’, ‘றா’ போன்றவற்றின் பழைய வடிவங்களைத் தவறாகப் படிக்கக்கூடும். ஆகவே, தேடலில் ஒன்றும் அகப்படவில்லை என்பதைச் சான்றே இல்லை என்பதற்கான ஆதாரமாகக் கொள்ளக் கூடாது என்பது முதல் வாரத்திலேயே கற்பிக்கத் தக்கது.

படங்கள் இதைவிடப் பெரிய சிக்கலைத் தருகின்றன. சென்னைப் படையில் அதிகாரியாக இருந்த வில்லோபி வாலஸ் ஹூப்பர் இப்பஞ்சத்தில் எலும்பும் தோலுமாகிப்போன மக்களை எடுத்த புகைப்படங்கள், 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தின் படங்களாக இணையத்தில் தவறாகப் பரவுவதுண்டு. இத்தகைய பிழையைக் கண்டறியும் முறையைப் பற்றி ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வு வரலாற்றுத் துறையினர் அனைவரும் கவனிக்க வேண்டியது. 10 வரலாற்றாசிரியர்கள், 10 உண்மைச் சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்கள் ஆகியோர் இணையதளங்களை மதிப்பிட்ட விதத்தை அவர்கள் ஒப்பிட்டபோது, முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர்கள் கூடப் பக்கத்தின் தோற்றத்தாலும் அதிகாரத் தொனியாலும் ஏமாந்ததும், சரிபார்ப்பாளர்கள் விரைவாகவும் சரியாகவும் முடிவுக்கு வந்ததும் தெரியவந்தது. சரிபார்ப்பாளர்கள் அந்தப் பக்கத்திலேயே தங்கி ஊன்றிப் படிக்காமல் உடனே வேறு தாவல்களைத் திறந்து, அந்த அமைப்பைப் பற்றிப் பிறர் சொல்வதைப் பார்த்தனர். ‘பக்கவாட்டு வாசிப்பு’ எனப்படும் இம்முறையை, மாணவரும் ஆசிரியரும் ஒரே திரையைப் பகிரும் இணைய வகுப்பில் கரும்பலகை வகுப்பைவிடச் சிறப்பாகக் கற்பிக்க முடியும்.

சான்று எது என்று உறுதியான பிறகு ஊன்றிப் படிக்கும் பழைய பயிற்சி தொடங்குகிறது. வரலாற்றாசிரியர்கள் ஆவணத்தைப் படிக்கும் முறையை ஆராய்ந்து வைன்பர்க் 1991இல் எழுதிய கட்டுரை மூன்று பழக்கங்களைச் சுட்டியது: எழுதியவர் யார், எதற்காக எழுதினார் என்று வினவும் மூல ஆய்வு, எழுதப்பட்ட சூழலில் வைத்துப் பார்த்தல், பிற சான்றுகளோடு ஒப்பிடுதல். 1877 தொடக்கத்தில் சென்னைக்கு அனுப்பப்பட்ட சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்வோரின் கூலியைச் சுமார் 450 கிராம் தானியத்தை அடிப்படையாகக் கொண்ட அளவுக்குக் குறைத்தபோது, அது உடலைப் பேணப் போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். இருவரின் வாதத்தையும் படிக்கும் மாணவர், சில ஆண்டுகளுக்கு முன் பீகார் பஞ்சத்தில் மிகுதியாகச் செலவழித்ததாக டெம்பிள் கண்டிக்கப்பட்டிருந்தார் என்பதை அறியும்போதுதான் அவருடைய சிக்கனத்தின் பின்னணி விளங்கும். நிவாரணக் குழுவில் பணியாற்றிய இதழாசிரியர் வில்லியம் டிக்பியின் 1878ஆம் ஆண்டு நூலையும், மதுரைச் சொக்கநாதரே சிவகங்கை மன்னருக்கு மடல் எழுதுவதாக அமைந்த வில்லியப்ப பிள்ளையின் ‘பஞ்சலட்சணத் திருமுக விலாசம்’ என்ற அங்கத நூலையும் அருகருகே வைத்தால், ஒரே பசி அலுவலக மொழியிலும் புலவர் மொழியிலும் எப்படிப் பதிவாயிற்று என்பது புலப்படும். இறந்தோர் தொகை ஓரிடத்தில் 55 லட்சம் என்றும், டிக்பியின் பிற்காலக் கணக்கில் ஒரு கோடிக்கு மேல் என்றும் இருப்பதைக் கண்டு மாணவர் குழம்பினால், எந்தப் பகுதிகள், எந்த ஆண்டுகள் கணக்கில் சேர்ந்தன என்று தேடத் தூண்டுவது ஆசிரியரின் வேலை.

இத்தனையையும் மதிப்பிட, முடிவில் வரும் கட்டுரையை மட்டும் பார்ப்பது போதாது. எந்தச் சொற்களை எங்கே தேடினார், எதை ஏன் விலக்கினார், அடுத்த தேடலை எப்படி மாற்றினார் என்பதை மாணவர் எழுதிவரும் தேடல் குறிப்பேட்டுக்கு மதிப்பெண் வேண்டும். நூலகரும் அதே பகிர்வுக் கோப்பில் வாரந்தோறும் கருத்து எழுத வேண்டும். இல்லாத நூல்களையும் கட்டுரைகளையும் இருப்பதாகச் சொல்லக்கூடிய உரையாடு செயலிகள் பரவிவிட்ட நிலையில், வழியைக் காட்டாத மேற்கோளை ஏற்பதற்கில்லை.

கிடைப்பதையே ஆய்வெல்லையாகக் கொள்ளும் ஆபத்துக்கும் சான்று உண்டு. கனடிய வரலாற்று முனைவர் பட்ட ஆய்வேடுகளை இயன் மில்லிகன் ஆராய்ந்தபோது, இணையத்தில் ஏற்றப்பட்ட டொரண்டோ ஸ்டார் நாளிதழ் 1998இல் 74 முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்க, 2010இல் ஏறத்தாழ அதே எண்ணிக்கையிலான ஆய்வேடுகளில் 753 முறை இடம்பெற்றிருந்தது. இணையத்தில் ஏறாத பிற இதழ்களுக்கு அத்தகைய ஏற்றம் வாய்க்கவில்லை. எனவே, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் ஆகியவற்றில் எவை எண்ணிமமாகியுள்ளன, எவை ஆகவில்லை என்று பட்டியலிடுவதும் பாடத்திட்டத்தில் சேர வேண்டும். எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ள வருவாய் வாரிய நடவடிக்கைக் குறிப்புகளில் திரைக்கு வராத பகுதி வேண்டுமானால், துறை, ஆண்டு, பொருள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு ஆவணக் காப்பாளருக்கு விண்ணப்பக் கடிதம் எழுதுவதைப் பருவத்தின் இறுதிப் பயிற்சியாக வைக்கலாம்.