உங்களுக்குத் தெரியுமா? பட்டியலின் புள்ளி எழுத்தே அல்ல!

அடோபி இன்டிசைனில் பட்டியல் வரிகளுக்கு முன்னால் தானாக வந்து நிற்கும் புள்ளியைக் கர்சரால் தேர்ந்தெடுக்கவே முடியாது. தேடல் பெட்டியில் தேடினாலும் சிக்காது. அது தட்டச்சு செய்த எழுத்து அல்ல. பத்தியின் அமைப்பைப் பார்த்து மென்பொருளே வரைந்து காட்டுவது. 1, 2, 3 என்ற வரிசை எண்களும் அப்படியே.

• பலன் பெரிது. நடுவில் ஒரு வரியை நீக்கினால் அடுத்த எண்கள் தாமாகவே திருந்தும். பத்திப் பாணியில் ஒரே ஒரு மாற்றம் போதும். அந்தப் பாணியில் அமைந்த எல்லாப் புள்ளிகளும் நட்சத்திரமாகும். நிஜ எழுத்தாகவே வேண்டுமா? மாற்றித் தரத் தனிக் கட்டளை உண்டு.

• இரண்டாவது வரி புள்ளிக்கு அடியில் நுழையாமல் இருக்க: இடப்பக்க உள்தள்ளல் 5 மி.மீ., முதல் வரி உள்தள்ளல் −5 மி.மீ. இரண்டும் ஒரே அளவு, எதிரெதிர்த் திசை.

• வரி இடைவெளியைத் தானியங்கியில் விட்டால் எழுத்தளவில் 120%. அதாவது 10 பாயின்ட் எழுத்துக்கு 12 பாயின்ட். கீ, கூ, ஞூ என மேலும் கீழும் நீளும் தமிழுக்கு இது பல நேரம் போதாது. கொஞ்சம் கூட்டுங்கள், கண்ணுக்கு இதம்.

• பத்திகளைப் பிரிக்க என்டர் தட்டி வெற்று வரி விடாதீர்கள். 'பத்திக்கு முன் இடைவெளி' கொடுங்கள். பத்தி அடுத்த பக்கத்தின் உச்சிக்குப் போனால் அந்த இடைவெளி தானே மறையும். வெற்று வரியோ அங்கேயும் இடத்தை அடைத்து நிற்கும்.