கவரிங் நகை

கவரிங் நகை அல்லது தங்க முலாம் நகை என்பது செம்பு, பித்தளை போன்ற உலோகங்களின் மேல் மெல்லிய தங்கப் படலம் பூசப்பட்ட அணிகலன் ஆகும். பொன் போர்த்தல் தன்னளவில் மோசடி அன்று. விருதுநகர் மாவட்டம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் 2016-இல் குடமுழுக்குக் கண்ட தங்க விமானமும் செப்புத் தகட்டின் மேல் பொன் போர்த்தியதே. முலாம் நகையைத் தங்கம் எனக் கூறி விற்பதும் அடகு வைப்பதுமே மோசடியாகும்.

கண்டறியும் முறைகள்

உரைகல்: நகையைக் கல்லில் உரசி, பதிந்த கோட்டின் மேல் நைட்ரிக் அமிலம் இடுவர். செம்புக் கோடு கரைந்துவிடும். 22 காரட் தங்கக் கோடு நிலைக்கும். ஆனால் இது மேற்பரப்பை மட்டுமே சோதிப்பதால், தடித்த முலாமும் தேறிவிடக்கூடும். எனவே மறைவான இடத்தில் சிறிது அராவிய பின்னரே உரச வேண்டும்.

அடர்த்தி: நீரில் மூழ்கும்போது 8 கிராம் (ஒரு பவுன்) எடையுள்ள 22 காரட் நகை ஏறத்தாழ 0.45 கிராம் எடை இழக்கும்; அதே எடையுள்ள செம்பு 0.9 கிராம் இழக்கும். கல் பதித்த நகைகளுக்கும், காற்றடைத்த கூடான நகைகளுக்கும் இம்முறை பொருந்தாது.

காந்தம்: செம்பும் பித்தளையும் தங்கத்தைப் போலவே காந்தத்தில் ஒட்டுவதில்லை. ஆகவே ஒட்டாமை தங்கத்திற்குச் சான்றாகாது.

ஹால்மார்க் முத்திரை: ஏப்ரல் 1, 2023 முதல் விற்கப்படும் ஹால்மார்க் நகைகளில் ஆறு இலக்க எண்ணெழுத்து அடையாளம் இருத்தல் வேண்டும். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் இதனைச் சரிபார்க்கலாம்.