காளானும் ரத்தப் புற்று நோயும்

மழை ஓய்ந்த மறுநாள் காலையில் வேலியோரத்திலும் வைக்கோற்போரின் அடியிலும் குடை விரித்து நிற்கும் காளானை நம் நாட்டார் நெடுங்காலமாக இரு விதமாகப் பார்த்து வந்திருக்கிறார்கள். சிலர் அதைப் பறித்துக் குழம்பு வைத்தார்கள். சிலர் ஆசாரத்துக்கு ஆகாதென்று விலக்கினார்கள். இப்பொழுது மூன்றாவது கூட்டம் ஒன்று புறப்பட்டிருக்கிறது. காளானின் சத்தைப் பொடியாகவும் குளிகையாகவும் அடைத்து, புற்று நோயைத் தீர்க்கும் அருமருந்து என்று விற்கும் கூட்டம் அது. ரத்தப் புற்று நோயாளி ஒருவர் இருக்கும் வீட்டில் இத்தகைய விளம்பரத்தைக் கண்டு மனம் சபலப்படுவது இயற்கையே. ஆகையால் இவ்விஷயத்தில் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு என்பதை நாம் பகுத்தறிவது அவசியம்.

முதலில் வியாதியைப் பற்றி ஒரு வார்த்தை. எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையே ரத்த அணுக்களின் உற்பத்திச் சாலை. அங்கே வெள்ளணுக்கள் பக்குவமடையாமலே கட்டுக்கடங்காமல் பெருகுவது லுகேமியா. நிணநீர் அணுக்களில் தோன்றுவது லிம்போமா. நோய்க் கிருமிகளை எதிர்க்கும் பொருள்களை உண்டாக்குகின்ற பிளாஸ்மா அணுக்கள் கெடுவது மைலோமா. மற்றக் கட்டிகளைப் போல் லுகேமியாவைக் கத்தியால் அறுத்து எறிய இயலாது. அது ரத்தத்தோடு உடலெங்கும் உலவுகிறது. மருந்தும் உடலெங்கும் சென்று அதைத் தேட வேண்டும்.

காளானை ஆராய்ச்சிச் சாலைக்குள் கொண்டு போனவர்களுள் ஜப்பானியர் முக்கியமானவர்கள். ஷீடேக் என்னும் உணவுக் காளானிலிருந்து சிஹாரா என்பவரும் அவர் தோழர்களும் பிரித்தெடுத்த லென்டினன் என்ற பொருள், எலிகளின் கட்டியைச் சுருங்கச் செய்ததாக 1969-ல் வெளியிட்டார்கள். பட்ட மரங்களில் ஓடு அடுக்கினாற்போல் வளரும் மற்றொரு காளானிலிருந்து எடுத்த பி.எஸ்.கே. என்னும் மருந்துக்கு 1977-ல் அந்நாட்டு அரசாங்கம் அனுமதி அளித்தது. 1985-ல் இரைப்பைப் புற்று நோய்க்கு லென்டினனும் அனுமதி பெற்றது. கவனிக்க வேண்டியது என்னவெனில், இவை வழக்கமான புற்று மருந்துகளுக்குத் துணையாகவே கொடுக்கப்பட்டன. அவற்றுக்குப் பதிலாக அல்ல.

இவை வேலை செய்யும் விதமும் விசித்திரமானது. காளானின் அணுச் சுவரில் பீட்டா குளூக்கன் என்னும் சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. நம் வெள்ளணுக்களின் மேற்புறத்தில் அதை இனங் கண்டுகொள்ளும் உறுப்புகள் உள்ளன. அவை அச்சங்கிலியைப் பற்றியவுடன், பூஞ்சைக் கிருமி புகுந்துவிட்டதென்று எண்ணி உடலின் காவற்படை விழித்துக்கொள்கிறது. அதாவது, காளான் நேரே புற்றணுவைக் கொல்வதில்லை. காவலாளியைத் தட்டி எழுப்புகிறது. ஆனால் ரத்தப் புற்றில் கெட்டுப்போவதே அந்தக் காவற்படைதான். ஆகவே பிற புற்று நோய்களில் கண்ட பலனை அப்படியே இங்கும் எதிர்பார்ப்பது நியாயமாகாது. தனியே சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

அவ்வாறு சோதித்தும் இருக்கிறார்கள். மஜ்ஜை சரியான அணுக்களை உண்டாக்கத் தவறும் ஒரு வியாதி உண்டு. அது சிலருக்கு லுகேமியாவாகவே முற்றிவிடும். நியூயார்க் நகரத்தின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் ஆஸ்பத்திரியில் அந்நோயாளிகள் 18 பேருக்கு மைடாகே என்னும் காளானின் சத்தை 12 வாரம் கொடுத்தார்கள். அவர்களுடைய வெள்ளணுக்களின் சுறுசுறுப்பு அதிகரித்ததாக 2015-ல் தெரிவித்தார்கள். நோய் தீர்ந்ததாக அவர்கள் சொல்லவில்லை. அதே ஆண்டில் நார்வே தேசத்தார், மைலோமா நோயாளிகள் 40 பேரில் ஒரு பகுதியினருக்குக் காளான் சத்தையும், மற்றவர்களுக்கு வெறும் போலி மருந்தையும் கொடுத்துச் சோதித்த விவரத்தை வெளியிட்டார்கள். நோய் எதிர்ப்பு அணுக்களில் சில மாறுதல்கள் தென்பட்டன. ஆனால் சிகிச்சையின் பலனிலோ ஆயுளிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை.

நம்பிக்கைக்கு இடமளிக்கும் வேறொரு பாதையும் உண்டு. புழுக்களின் உடலில் முளைக்கும் ஒரு வகைக் காளானிலிருந்து கார்டிசெபின் என்னும் பொருளை 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரித்தெடுத்தார்கள். இது புற்றணுவின் உள்ளே நுழைந்து, அது தனக்கு வேண்டிய மூலப் பொருள்களைக் கோக்கும் சங்கிலியில் ஒரு பொய்க் கண்ணியாகச் சேர்ந்துகொண்டு, சங்கிலியை மேலே வளர ஒட்டாமல் நிறுத்திவிடும். ஆயினும் நம் ரத்தத்திலுள்ள ஒரு நொதி இதை விரைவில் சிதைத்து வீணாக்குகிறது. அந்த நொதியைத் தடுக்கும் மற்றொரு மருந்தோடு சேர்த்து லுகேமியா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு, நொதிக்கு அகப்படாதபடி அதன் உருவத்தையே மாற்றி, ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையாரின் துணையோடு மனிதரிடம் சோதனை தொடங்கினார்கள். ஆகக் கடையில் விற்கும் காளான் பொடிக்கும் இந்த மருந்துக்கும் வெகு தூரம் இருக்கிறது.

இந்தத் தூரம் எத்தகையது என்பதை நம் வீட்டு முற்றத்து நித்திய கல்யாணியே விளக்கும். ஜமெய்க்கா தீவில் அதன் இலையை நீரிழிவுக்குக் கஷாயமாகக் குடித்து வந்தார்கள். கானடா நாட்டில் நோபிள், பீர் என்னும் இருவர் அதை ஆராய்ந்தபோது, சர்க்கரை குறையவில்லை. எலிகளின் வெள்ளணுக்கள் குறைந்தன! 1958-ல் வின்பிளாஸ்டின் வெளியாயிற்று. அதன் இனமான வின்கிரிஸ்டின் 1963-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குழந்தைகளுக்கு வரும் லுகேமியாவில், இதையும் பிற மருந்துகளையும் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சையால், வசதி மிகுந்த நாடுகளில் இன்று 10 குழந்தைகளில் சுமார் 9 பேர் பிழைக்கிறார்கள். ஆனால் அந்தச் செடியின் இலையை அரைத்துக் குடித்தவர் எவரும் இப்படிப் பிழைக்கவில்லை. நூற்றுக்கணக்கான கிலோ இலையிலிருந்து சிறிதளவே கிடைக்கும் சத்தைச் சுத்தம் செய்து, அளவு கண்டு, வைத்தியர் கண்காணிப்பில் ரத்தக் குழாய் வழியே செலுத்தியதால்தான் அது மருந்தாயிற்று. அளவு தப்பினால் அதுவே விஷம்.

காளான் இன்னும் அந்த வழியில் நடந்துகொண்டிருக்கிறது. ஊர் போய்ச் சேரவில்லை. இதற்கிடையே குளிகை வாங்குவோருக்கு ஆபத்துக்களும் உண்டு. சில காளான் சத்துக்கள் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக் கூடும். உறைவுக்கு வேண்டிய தட்டணுக்கள் ஏற்கெனவே குறைந்துபோன நோயாளிக்கு இது அபாயம். இமயமலைச் சரிவுகளில் பொறுக்கி மிகுந்த விலைக்கு விற்கப்படும் புழுக் காளானிலிருந்து செய்த சரக்குகளில் அளவுக்கு மீறிய பாஷாணச் சத்து இருப்பதாகச் சீன அரசாங்கமே 2016-ல் எச்சரித்தது. எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, பொடியை நம்பிச் சிகிச்சையை நிறுத்துவதாகும். கடுமையான லுகேமியா காத்திருக்காது. சில மாதங்களில், சில சமயம் சில வாரங்களிலேயே, உயிரைக் கொண்டு போய்விடும்.

சுதந்திர பாரதம் 1954-ல் இரண்டு நல்ல காரியங்களைக் கண்டது. புற்று நோயைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டம் அவ்வாண்டில் பிறந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெருமுயற்சியால் அடையாற்றில் புற்று நோய் மருத்துவ நிலையம் திறக்கப்பட்டதும் அவ்வாண்டிலேதான். ஒன்று பொய் மருந்தைத் தடுக்க. மற்றொன்று மெய் மருந்தை அளிக்க.

நம் நாட்டு மூலிகைகளிலும் காளான்களிலும் இன்னும் எத்தனையோ மருந்துகள் மறைந்திருக்கலாம். அவற்றை நம் இளைஞர்கள் ஆராய்ச்சிச் சாலையில் தேடிக் கண்டால் அதுவே தேசத்துக்குப் பெருமை. அதுவரையில், வீட்டில் நோயாளி இருப்போர் எந்தக் குளிகையை வாங்கினாலும், வாயில் போடுவதற்கு முன் அதன் புட்டியைச் சிகிச்சை செய்யும் டாக்டரின் மேஜைமேல் வைத்து, "இதைக் கொடுக்கலாமா?" என்று கேட்டுவிடுவார்களாக.