உங்களுக்குத் தெரியுமா? பீபரி ஒரு ரகமே இல்லை!

மேட்டுப்பாளையத்துக் காப்பித்தூள் கடையில் "பீபரி பாதி, பிளான்டேஷன் பாதி" என்று கேட்டு வாங்குகிறோமே, இரண்டுமே செடியின் ரகம் அல்ல. பழத்துக்குள் இரண்டு தட்டைக் கொட்டைகளுக்குப் பதில் உருண்டையாக ஒன்றே விளைந்தால் அது பீபரி. பழத்தோலை உரித்து, கழுவிக் காயவைத்த அரபிகாதான் பிளான்டேஷன்.

நம் நாட்டில் பயிராகும் காப்பிச் செடிகள் முக்கியமாக அரபிகா, ரொபஸ்டா. அரபிகா செல்லப்பிள்ளை: சுமார் 1,000 மீட்டருக்கு மேல் குளிரும் மரநிழலும் கேட்கும். அதனால்தான் மேட்டுப்பாளையம் சமவெளியில் வராது; நீலகிரிச் சரிவில் ஏற வேண்டும். மணமும் இளம்புளிப்பும் அதற்கே உரியவை. இலைத்துரு நோய் சுலபமாகத் தாக்கும்; அதைத் தாங்கவே கர்நாடகத்தின் பாலெஹொன்னூர் ஆராய்ச்சி நிலையம் எஸ்.795 ரகத்தை உருவாக்கியது.

ரொபஸ்டா தாழ்வான மலையிலும் தாக்குப்பிடிக்கும். கசப்பு தூக்கல், காஃபினும் ஏறக்குறைய இருமடங்கு.