செத்தவன் கடப்பிதழ்

இரட்டைப் பெயர்க்காரர்கள் – 9

சென்ற வாரம் நம் கோலா கங்சார் மலாய்க் கல்லூரியில் 1954-55இல் வாத்தியாராக இருந்த ஜான் வில்சனைப் பார்த்தோம். காலனி அரசாங்கத்தில் சம்பளம் வாங்குகிறவர் சொந்தப் பெயரில் நாவல் போட்டால் மேலிடம் முகம் சுளிக்கும். அதனால்தான் அவர் அந்தோனி பர்ஜெஸ் ஆனார். இந்த வாரத்து ஆளும் ஓர் அந்தோனிதான். ஆனால் அவர் பெயர் மாற்றிய கதையில் மேலதிகாரி யாரும் இல்லை, சம்பளமும் இல்லை.

யேசுதாசன் அந்தோனிதாசன். யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலுக்கு அப்பால் உள்ள அல்லைப்பிட்டியில் 1967இல் பிறந்தவர். புத்தக அட்டையில் அவர் ஷோபாசக்தி. சினிமாப் பெயர்ப்பட்டியலில் அந்தோனிதாசன்.

பேராக்கில் பழைய ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். யாழ்ப்பாணத்தார் என்றதும் ஸ்டேஷன் மாஸ்டரும் தோட்டத்துக் கிராணியும்தான் நினைவுக்கு வருவார்கள். தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு 1885இல் ரயில் ஓடத் தொடங்கிய காலத்திலிருந்து இலங்கைத் தமிழர் இங்கே வந்துகொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரன் கொடுத்த உத்தியோகக் காகிதம் கையில் இருந்தது. தலை நிமிர்ந்து கப்பல் ஏறினார்கள். நூறு வருஷம் கழித்து அதே மண்ணிலிருந்து கிளம்பியவர்களில் எத்தனையோ பேர் கையில் இருந்தது வேறு யாருடையதோ கடப்பிதழ்.

1983 கலவரத்துக்குப் பிறகு, மீசை அரும்பும் வயதில், அந்தோனிதாசன் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் சேர்ந்தார். 1986இல் விலகினார். பிறகு ஊரைவிட்டு ஓட்டம், தாய்லாந்தில் சில ஆண்டுகள், 1993இல் பிரான்ஸ். அங்கே கோப்பை கழுவினார், சமைத்தார், சூப்பர் மார்க்கெட்டில் சாமான் அடுக்கினார். கொஞ்ச காலம் டிராட்ஸ்கியக் கட்சி ஒன்றிலும் இருந்தார். எழுத வந்தது அதற்கெல்லாம் பிறகு, தொண்ணூறுகளின் கடைசியில். இயக்கத்தை உள்ளே இருந்து பார்த்தவர் அதை விமர்சித்து எழுதினால் என்ன பெயர் கிடைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அவரே தன் கதைத் தொகுப்பு ஒன்றுக்குத் ‘தேசத்துரோகி’ என்று பெயர் வைத்துவிட்டார்.

முதல் நாவல் ‘கொரில்லா’, 2001. அதைக் கையில் எடுப்பவர்கள் நாவல்தானா என்று அட்டையை இன்னொரு முறை திருப்பிப் பார்ப்பார்கள். தொடக்கமே பிரெஞ்சு அரசாங்கத்துக்கு எழுதிய அகதி விண்ணப்பம். விண்ணப்பதாரர் பெயரைப் பார்த்தால் நம்ம ஆள் பெயர். அதற்குப் பிறகுதான் கதை ஊருக்குப் போகிறது. அங்கே ஒரு சண்டியர் அப்பா, ஊர் அவருக்கு வைத்த பட்டப்பெயர் கொரில்லா. மகன் இயக்கத்துக்குப் போகிறான். போகிற போக்கில் அடிக்குறிப்புகள் வேறு. சரித்திரப் புத்தகம் மாதிரி ஆள் விவரம், சம்பவ விவரம்.

அகதி விண்ணப்பத்தைக் கதையின் வாசலில் வைத்ததுதான் இந்த மனிதரின் மொத்த சாமர்த்தியம் என்று எனக்குத் தோன்றுகிறது. விண்ணப்பம் எழுதுகிறவனின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பொய் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உண்மையை உள்ளபடி சொன்னாலும் ஏற்கிற மாதிரி சொல்லாவிட்டால் அதே கதிதான். தேதி பிசகக்கூடாது. அழவேண்டிய இடத்தில் கண் கலங்க வேண்டும், கலங்காவிட்டால் சந்தேகம். ரொம்பக் கலங்கினாலும் சந்தேகம். கதை கட்டுவதும் நடிப்பதும் அந்த மேசைக்கு முன்னால் ஒரே வேலைதான். அவர் ஊர்க் கூத்தில் ஆடியவர், இயக்கத்தின் தெருநாடகங்களில் நடித்தவர். ஆனாலும் அவருடைய பெரிய ஒத்திகை ஏதோ ஓர் அலுவலகத்தில், மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டுதான் நடந்திருக்கும் என்பது என் ஊகம்.

கேமரா முன்னால் பெரிய வேடம் லீனா மணிமேகலையின் ‘செங்கடல்’. தனுஷ்கோடிக் கரையையும் அங்கே ஒதுங்கும் அகதிகளையும் சுடப்படும் மீனவர்களையும் பற்றிய படம். எழுத்திலும் இவருக்குப் பங்கு உண்டு. இந்தியத் தணிக்கைக் குழு முதலில் மறுத்து, மேல்முறையீட்டில் போராடித்தான் 2011இல் சான்றிதழ் வந்தது. அதைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். நாலு வருஷத்தில் வந்த ‘தீபன்’ அப்படியில்லை. 2015 மே மாதம் கான் திரைப்பட விழாவில், கோயன் சகோதரர்கள் தலைமையிலான நடுவர் குழு ழாக் ஓடியாரின் இந்தப் படத்துக்குத் தங்கப் பனை விருதைக் கொடுத்தது. பெரும்பாலும் தமிழிலேயே பேசுகிற ஒரு பிரெஞ்சுப் படம்! அதன் நாயகன் நாற்பத்தேழு வயது நாவலாசிரியர்.

கதை இதுதான். போர் முடிகிற நேரம். ஒரு புலி வீரன், முன்பின் தெரியாத ஒரு பெண், தாய் தகப்பன் இல்லாத ஒரு சிறுமி. செத்துப்போன ஒரு குடும்பத்தின் கடப்பிதழில் மூவரும் கணவன், மனைவி, மகளாகப் பாரிஸ் போய்ச் சேர்கிறார்கள். மனைவியாக நடித்தவர் சென்னை மேடைக் கலைஞர் காளீஸ்வரி சீனிவாசன்.

தீபன் பிளாட்பாரத்தில் பொம்மை விற்கிற காட்சியை ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். திரை முழுக்க இருட்டு. உள்ளே நீலமும் சிவப்புமாக ஏதோ மின்னுகிறது, என்னவென்று புரியவில்லை. கிட்டே வந்த பிறகுதான் தெரிகிறது, தலையில் மாட்டுகிற விளக்கு வைத்த முயல் காது. அதற்குக் கீழே ஒரு போராளியின் முகம். அந்த முகத்தில் ஷோபாசக்தி எதையும் செய்யவில்லை. நம் கதாநாயகர்கள் யாராவது அந்த இடத்தில் கண்ணைத் துடைக்காமல் இருந்திருப்பார்களா?

இன்னொரு காட்சி. போதைப்பொருள் கும்பல்கள் மோதிக்கொள்ளும் அடுக்குமாடிகளின் காவலாளி அவர். ஒருநாள் வெள்ளைப் பொடியைக் கொண்டுவந்து தரையில் நீளமாகக் கோடு போடுகிறார்: இதற்கு இந்தப் பக்கம் சுடக்கூடாது. பிரெஞ்சுக்காரனுக்கு அது ஒரு கிறுக்கனின் கோடு. 2009இல் ‘பாதுகாப்பு வலயம்’ என்று அறிவித்த இடத்திலேயே குண்டு விழுந்ததைப் படித்த நமக்கு அது வேறு. அந்தக் கோட்டைப் போடுகிற ஆள் குனிகிற விதத்தில் ஒரு பழக்கம் தெரியும்.

கடைசி அரைமணி எனக்கு ஒப்பவில்லை. திடீரென்று கத்தியும் துப்பாக்கியுமாகப் படம் வேறு படமாகி, முடிவில் இங்கிலாந்தில் பச்சைப் புல்வெளி, கையில் குழந்தை. ‘ம்’ நாவலில் 1983 வெலிக்கடைச் சிறைப் படுகொலையை எழுதியவர் பேனாவிலிருந்து அந்தப் புல்வெளி வந்திருக்காது. அது ஓடியாரின் முடிவு. நடிகருக்கு முடிவை மாற்றுகிற அதிகாரம் கிடையாது. நாவலாசிரியராக இருக்கிற நடிகருக்கு அது எவ்வளவு உறுத்தும்!

பிரான்ஸின் சேசார் விருதுக்குச் சிறந்த நடிகர் பட்டியலில் பெயர் வந்தது. பிறகு லெனின் எம். சிவத்தின் ‘ரூபா’. 2019 தொடக்கத்தில் சிட்னியில் ‘கவுண்டிங் அண்ட் கிராக்கிங்’ என்ற நீண்ட மேடை நாடகம். இந்த அலைச்சலுக்கு நடுவில் எழுத்தை விட்டுவிடவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். கான் விழா நடந்த அதே 2015இல் ‘பாக்ஸ் கதைப் புத்தகம்’. சிட்னி மேடை ஏறிய 2019இல், சிறையில் இருக்கும் முன்னாள் பெண்புலி ஒருத்தியின் குறிப்பேடாக விரியும் ‘இச்சா’. என்னைக் கேட்டால் திரையில் பார்த்தவர்கள் அங்கேயே நின்றுவிடாமல் ‘இச்சா’வையும் வாங்கிப் படிக்க வேண்டும்.

‘தீபன்’ நமக்குத் தூரத்துக் கதை என்று நினைத்தால், 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். யூஎன் கார்டை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இங்கே வேலை பார்க்கிற இலங்கைத் தமிழர் இருக்கிறார்கள். உங்கள் பசாரில் மீன் வெட்டுகிறவரோ சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறவரோ அவராக இருக்கலாம். ஊர் எது என்று கேட்டால் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் பதில் வரும். அந்த ஒரு நொடியில் ஷோபாசக்தி நாவல் எழுதிவிடுவார்.

அடுத்த வாரம் இராமநாதபுரம் பெருநாழிக்குப் போகிறோம். ராணுவத்திலும் தபால் துறையிலும் வேலை பார்த்து, ‘குற்றப் பரம்பரை’ எழுதியவர். வேல ராமமூர்த்தி என்று சொன்னால் உங்கள் வீட்டுப் பாட்டிக்குத் தெரியாமல் இருக்கலாம். ‘எதிர்நீச்சல்’ ஆதி குணசேகரன் என்று சொல்லுங்கள், திட்டிக்கொண்டே அடையாளம் காட்டுவார்.

(தொடரும்)