குழல் நிற்கும் இடம்

திருத்தங்கலில் கம்பி மத்தாப்பைக் கையில் பிடிக்காத பிள்ளை இராது. ஒரு சாண் தள்ளியிருந்தால் வெளிச்சம். விரற்கடை அளவு நெருங்கினால் சூடு. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் செய்யும் உட்கதிர்ச் சிகிச்சைக்கும் இந்தத் தொலைவுக் கணக்கே அடிப்படை.

தொலைவு இரட்டித்தால் கதிரின் செறிவு நாலில் ஒன்றாகும் என்று பௌதிக வகுப்பில் ஒப்பித்துவிட்டு மறந்துவிடுகிறோம். சிகிச்சை அறையில் அது உயிர்க் கணக்கு. கதிர்ப் பொருளுக்கு 20 மில்லிமீட்டர் தொலைவிலுள்ள திசு 15 மில்லிமீட்டருக்கு நெருங்கினால், ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு கதிரைப் பெறும். கருப்பைக்கு முன்னே சிறுநீர்ப்பை, பின்னே மலக்குடல்; இரண்டும் வெகு அருகில்.

முற்காலத்தில் மருத்துவர்கள் இரேடியத்தையே நேரில் உள்ளே வைத்தார்கள். கதிர் அவர்களையும் தாக்கியமையால் விரைந்து முடிக்க நேர்ந்தது. இப்போது முதலில் வைப்பது வெற்றுக் குழல். ஒரு குழல் கருப்பையினுள் செல்லும். அதன் வாயருகே வேறு குழல்கள் அமையும். அவை நகராமலும், அவ்விரு உறுப்புகளும் விலகி நிற்கவும், வலைத்துணியை மடித்துச் செறிக்கிறார்கள். படமெடுத்து, இடம் பிசகியிருந்தால் நிதானமாகத் திருத்தலாம். அதன் பின்னரே இயந்திரம், அரிசியளவான இரிடியம் 192ஐக் கம்பி நுனியில் அனுப்பிச் சில நிமிடங்களில் மீட்கிறது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையம் இந்நோய்க்குச் சிகிச்சையளிக்கும் இடங்களுள் ஒன்று. சிகிச்சை ஒரே தடவையில் முடிவதன்று. பெரும்பாலும் குழலை மீண்டும் வைக்க நேரும். சென்ற வாரத்துப் படம் இவ்வாரத்துக்கு உதவாது. புதிதாகவே அளக்க வேண்டும்.