காசமா? புற்றா?
இருமலை வைத்து முடிவு கட்டாதீர்கள்!

சென்னை கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரெயிலில் குரோம்பேட்டைக்கு அடுத்த நிலையம், "தாம்பரம் சானடோரியம்".

ஓர் ஆஸ்பத்திரியால் அந்த நிலையத்துக்குப் பெயர் வந்தது!

1928-ம் ஆண்டில் டாக்டர் டேவிட் சவுரிமுத்து அந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அதற்கு முன் அவர் இங்கிலாந்தில், மெண்டிப் குன்றுப் பகுதியில் ஒரு சானடோரியம் நடத்தி வந்தார். கணித மேதை ராமானுஜன் 1917-ம் ஆண்டில் நோயுற்றபோது அங்கு சில காலம் தங்கிச் சிகிச்சை பெற்றார்.

அந்நாளில் க்ஷயரோகத்துக்கு மருந்து கிடையாது. நல்ல காற்று, வெயில், ஓய்வு, சத்துள்ள உணவு ஆகியவைதான் சிகிச்சை. சந்தடி இல்லாத தாம்பரம் அதற்கு ஏற்ற இடமாக இருந்தது. 12 படுக்கைகளுடன் தொடங்கிய ஆஸ்பத்திரியை 1937-ம் ஆண்டில் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. இன்று அதன் பெயர் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

இப்போது காசநோய்க்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. மருந்துக்குக் கட்டுப்படும் சாதாரண காசம் 6 மாத சிகிச்சையில் குணமாகிவிடும். ஆனால் மக்கள் மனதில் ஒரு பழக்கம் மட்டும் மாறவில்லை. ஒருவர் நாள் கணக்கில் இருமினால், "டி.பி.யாக இருக்கும்" என்று சொல்லிவிடுகிறார்கள்.

அங்கேதான் ஆபத்து! காசநோயின் வேஷத்தில் இன்னொரு நோயும் வருகிறது. அதுதான் நுரையீரல் புற்றுநோய்.

ஒரே வேஷம்

விடாத இருமல், சளியில் ரத்தம், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பசியின்மை, உடல் மெலிவு ஆகிய எல்லாம் காசநோயிலும் உண்டு, புற்றுநோயிலும் உண்டு. எக்ஸ்-ரே படத்தில் இரண்டும் வெள்ளை நிழலாகவே தெரியும்.

நம் நாட்டில் காசநோய் அதிகம். ஆகவே நிழலைக் கண்டதும் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். சில சமயங்களில் சளியில் கிருமி இருக்கிறதா என்று உறுதி செய்யாமலே காசநோய் மருந்து தொடங்கப்படுகிறது. இரண்டு மாதம் போகிறது. நோயாளி இளைத்துக்கொண்டே போகிறார். பிறகு வேறு சோதனைகள் செய்தால், புற்று என்று தெரிகிறது.

இது எங்கோ ஒருவருக்கு நேரும் விபத்து அல்ல. நுரையீரல் புற்றுநோய்க்காரர்களில் பலர் முதலில் காசநோய் மருந்து சாப்பிட்டவர்கள் என்று இந்திய மருத்துவர்கள் பல முறை எழுதியிருக்கிறார்கள்.

அந்த இரண்டு மாதம் சாதாரண காலம் அல்ல. நுரையீரலுக்குள் ஒரு சிறு கட்டியாக இருக்கும்போது புற்றை அறுத்து எடுத்துவிடலாம். அது கல்லீரல், எலும்பு, மூளை என்று பரவிவிட்டால் முழு குணம் காண்பது அரிது.

வித்தியாசம் தெரியுமா?

மாலைக் காய்ச்சலும் இரவு வேர்வையும் காசநோயில் அதிகம். குரல் கம்மிப் போவது, தோள்பட்டையில் தீராத வலி, முகமும் கழுத்தும் வீங்குவது, விரல் நுனிகள் உருண்டு பருப்பது ஆகியவை கண்டால் புற்றாக இருக்குமோ என்று சந்தேகிக்க வேண்டும்.

ஆனால் அறிகுறிகளை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, இரண்டு நோயும் ஒரே ஆளிடம் இருப்பதும் உண்டு! பழைய காசத்தின் தழும்பு உள்ள நுரையீரலில் புற்று வரும் வாய்ப்பும் கூடுதல்.

அப்படியானால் வழி என்ன? சோதனைதான் வழி.

முதலில் சளிப் பரிசோதனை. காசக் கிருமியின் மரபணுவைக் கண்டுபிடிக்கும் கருவி சில மணி நேரத்தில் பதில் சொல்லிவிடும். கிருமி இல்லை என்று வந்தும் நிழல் இருந்தால், சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். கட்டி எங்கே, எவ்வளவு பெரிது என்று அதில் தெரியும். பிறகு மெல்லிய குழாயை மூச்சுக் குழலுக்குள் செலுத்திப் பார்க்கிறார்கள். இதற்கு பிராங்கோஸ்கோப்பி என்று பெயர். கட்டி ஓரமாக இருந்தால், ஸ்கேன் பார்த்துக்கொண்டே வெளியிலிருந்து ஊசி செலுத்துகிறார்கள்.

எந்த வழியானாலும், சிறு துணுக்குச் சதையை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். இதுதான் பயாப்சி. முடிவான பதில் இதில்தான் கிடைக்கும்.

"ஊசி குத்தினால் புற்று பரவிவிடும்" என்று பயந்து பலர் எழுந்து போய்விடுகிறார்கள். இது வீண் பயம். ஊசியால் பரவுவது மிக மிக அபூர்வம். சோதனை செய்யாமல் விட்ட புற்றோ பரவியே தீரும்.

வைத்தியரைத் தாக்கிய நோய்

நுரையீரல் புற்றுக்கு ஆபரேஷன் வழி காட்டியவர் அமெரிக்க நிபுணர் டாக்டர் எவர்ட்ஸ் கிரஹாம். 1933-ம் ஆண்டில் ஒரு நோயாளியின் முழு நுரையீரலையே அவர் எடுத்தார். அந்த நோயாளியும் ஒரு டாக்டர்தான். ஒற்றை நுரையீரலுடன் அவர் சுமார் 30 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார்!

கிரஹாம் சிகரெட் பிரியர். புகைக்கும் புற்றுக்கும் தொடர்பு உண்டு என்பதை முதலில் அவர் நம்பவில்லை. பின்னர் மாணவர் ஒருவருடன் சேர்ந்து ஆராய்ந்தார். 1950-ம் ஆண்டில் இருவரும் முடிவை வெளியிட்டார்கள். நுரையீரல் புற்று வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வெகுநாள் புகைத்தவர்கள்! அதே ஆண்டில் லண்டனில் டாலும் ஹில்லும் இதையே சொன்னார்கள்.

கிரஹாம் சிகரெட்டை விட்டார். ஆனால் காலம் கடந்துவிட்டது. 1957-ம் ஆண்டில் அவர் இறந்தார். அவரைக் கொன்றது நுரையீரல் புற்று. அவர் ஆபரேஷன் செய்த நோயாளி அப்போதும் உயிரோடு இருந்தார்!

பீடி சின்னதுதானே?

"சிகரெட் பணக்காரன் பழக்கம், பீடி ஒன்றும் செய்யாது" என்று சொல்வோர் உண்டு. இது தவறு. பீடி அடிக்கடி அணைந்துவிடும். அதனால் குடிப்பவர் பலமாகவும் பல முறையும் இழுக்கிறார். புகையிலைத் தூள் கொஞ்சமானாலும், உள்ளே போகும் நஞ்சு கொஞ்சம் அல்ல.

பல ஆண்டுகள் புகைத்தவரும் விட்டுவிடலாம். விட்ட 10 ஆண்டுகளில், தொடர்ந்து புகைப்பவருக்கு உள்ள ஆபத்தில் ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது.

புகைக்காதவருக்கும் இந்த நோய் வருகிறது. வீட்டில் கணவர் விடும் புகை மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கேடு. டீசல் புகை, ஆஸ்பெஸ்டாஸ் தூசி, கல்லுடைக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசி ஆகிய மூன்றும் புற்றை உண்டாக்குபவை என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு அறிவித்திருக்கிறது. பல்லாவரம், திரிசூலம் மலைகளில் கல்லுடைத்து வாழ்ந்த குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். "நான் பீடி தொட்டதே இல்லை" என்பதற்காக இருமலை அலட்சியம் செய்யக் கூடாது.

சிகிச்சை உண்டு

ஆரம்ப நிலையில் ஆபரேஷன். சற்று முற்றியிருந்தால் கதிர் சிகிச்சையும் மருந்தும். பரவிய நிலையிலும் இன்று கைவிட்டுவிடுவதில்லை. சதைத் துணுக்கில் மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். குறிப்பிட்ட மாற்றம் இருந்தால் தினம் ஒரு மாத்திரையிலேயே நோயை நெடுநாள் அடக்க முடிகிறது. புகைக்காத பெண்களிடம் இந்த மாற்றம் அதிகம் காணப்படுகிறது. உடலின் சொந்த எதிர்ப்புச் சக்தியைப் புற்றின் மீது ஏவும் மருந்துகளும் வந்துவிட்டன.

அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ம் ஆண்டில் தொடங்கிய புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் சிகிச்சை உண்டு. வருமான வரம்புக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கிறது. காசநோய் என்றே தெரிந்தாலும் கவலை வேண்டாம்; அதற்கு அரசாங்கம் மருந்து இலவசமாகத் தருகிறது.

நோய் எதுவும் தெரியாமலே முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடியுமா? வெகுகாலம் அதிகம் புகைத்தவர்களுக்குக் குறைந்த கதிர் சி.டி. ஸ்கேன் எடுத்து அமெரிக்காவில் சோதித்தார்கள். 2011-ம் ஆண்டில் வெளியான முடிவின்படி, எக்ஸ்-ரே மட்டும் எடுத்துக்கொண்டவர்களைவிட ஸ்கேன் எடுத்துக்கொண்டவர்களிடம் நுரையீரல் புற்றுச் சாவு 20 சதவீதம் குறைந்தது. நம் நாட்டில் காசத் தழும்புகளும் ஸ்கேனில் சந்தேகம் கிளப்பும். ஆகவே டாக்டரைக் கலந்துகொண்டே இதைச் செய்ய வேண்டும்.

மூன்று கேள்விகள்

இருமல் 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் கடையில் மருந்து வாங்கிச் சமாளிக்க வேண்டாம். சளியில் ஒரு துளி ரத்தம் கண்டாலும் அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

காசநோய் மருந்து கொடுத்தால், மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்:

"சளியில் கிருமி இருப்பது உறுதியாகிவிட்டதா?"

"மருந்து வேலை செய்கிறது என்று எப்போது தெரியும்?"

"வேலை செய்யாவிட்டால் அடுத்த சோதனை எது?"

கேட்பதால் எந்த டாக்டரும் கோபிக்க மாட்டார். கேட்காமல் கழியும் ஒவ்வொரு வாரமும் புற்றுக்குத்தான் லாபம்.